பீச்சாங்கைப் பக்கம்

அன்றைக்கு அந்த எட்டாம் வகுப்பு அறையில் இருந்தவர்கள்: இங்கிலீஷ் டீச்சர், பெரிய டீச்சர், இன்ஸ்பெக்டர், அவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்த பியூன், வாசலில் பிளாஸ்க்கோடு ஆயாம்மா, அப்புறம் நாம் முப்பத்தோரு பேர். வருகைப் பதிவேட்டில் முப்பத்து நாலு. ஒருத்திக்கு அம்மை போட்டிருந்தது. ஒருத்தி சடங்காகி வீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். கணக்கு சரிதானா என்று நீங்களும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நான் பல தடவை எண்ணிவிட்டேன். டாக்டரிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் இதைத்தான் எண்ணுவேன்.

இங்கிலீஷ் டீச்சருக்கு எண்பத்தஞ்சு முடிகிறது, மாட்டுத்தாவணிப் பக்கம் மண்டபம் பிடித்தாயிற்று, ஒரு மலர் போடுகிறோம், ஆளுக்கொரு பக்கம் எழுதித் தரணும் என்று குரூப்பில் போட்டீர்கள். நீங்களெல்லாம் மேலே படித்தவர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பத்து நாளாகக் கவலை. எழுத்துப் பிழை வந்துவிடுமோ, நீண்டு போய்விடுமோ, யாரையாவது குத்திக்காட்டுகிற மாதிரி ஆகிவிடுமோ என்று. நேற்று நம் வகுப்பு லீடர் போனே போட்டுவிட்டாள். பேங்கில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவள், ஆனால் குரல் இன்னும் அந்த லீடர் குரல்தான்.

"ஏ, நீ மட்டும்தேன் பாக்கி புள்ள. டீச்சரைப் பத்தி நாலு வரி நல்லதா எழுதிக் குடு. அம்புட்டுதேன்."

நாலு வரிக்குத்தான் உட்கார்ந்தேன். நடுவில் எழுந்து போய் கேஸை மூடினேனா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்தேன். மூடித்தான் இருந்தது.

நல்லதாகவே ஆரம்பிக்கிறேன். டீச்சர் நல்லவர். காளவாசலிலிருந்து டவுன் பஸ்ஸில் நசுங்கி வருவார். கிட்டே வந்தால் ஓம வாசனை அடிக்கும், அவருக்கு வயிறு சரியில்லை. யாரையும் அடித்ததில்லை. பரீட்சைத் தாளைத் தூக்கி எறிந்ததில்லை. அந்த வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் இங்கிலீஷுக்கு என்று சொல்லிவிட்டார்கள், அதிலிருந்துதான் அவர் முகம் மாறியது.

பாடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இங்கிலீஷில் சின்னச் சின்ன வார்த்தைகள் உண்டு. அது வினைச்சொல்லோடு போய் நின்றுகொண்டால் அர்த்தமே வேறாகிவிடும். புட் என்றால் வை. புட் ஆன் என்றால் போட்டுக்கொள். புட் ஆஃப் என்றால் ஒத்திப்போடு. புட் அவுட் என்றால் அணை. லுக் என்றால் பார், லுக் ஃபார் என்றால் தேடு, லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள். எல்லாருக்கும் தலை சுற்றியது. டீச்சருக்கும் கொஞ்சம் சுற்றியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அதனால்தான் அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்காமல், ஆளுக்கு ஒரு வாக்கியம் பிரித்துக் கொடுத்து மனப்பாடம் பண்ண வைத்தார். லீடருக்கு 'தி மேட்ச் வாஸ் புட் ஆஃப் பிகாஸ் ஆஃப் ரெயின்.' பூக்கடைக்காரர் மகளுக்கு 'லுக் ஆஃப்டர் யுவர் லிட்டில் பிரதர்.' அவளுக்குத் தம்பியே கிடையாது, மூன்று தங்கச்சிகள். வீட்டில் உரக்கச் சொல்லி, அவள் அப்பா வருத்தப்பட்டார் என்று வந்து சொன்னாள்.

அப்புறம் கை விஷயம்.

"நல்லாக் கேட்டுக்கங்க," என்றார் டீச்சர், கதவைச் சாத்திவிட்டு. "கேள்வி யார் கேட்டாலும் எல்லாக் கையும் மேல போகணும். தெரிஞ்சவ சோத்தாங்கை. தெரியாதவ பீச்சாங்கை. சார் கண்ணுக்கு எல்லாமே கைதேன். நான் பாத்துக் கூப்பிட்டுக்கிறேன்."

என் பக்கத்து இடத்துக்காரி, வளையல் கடைக்காரர் மகள், எழுந்து நின்றாள். "டீச்சர், பீச்சாங்கையச் சாரு மூஞ்சிக்கு நேரா நீட்டலாமா? குத்தமில்லையா?"

"அது குத்தம்னா எம்மேலதேன். உக்காரு."

யார் எந்தக் கை என்று முடிவு பண்ண ஒரு நாள் எல்லாரையும் தனித்தனியாக எழுந்து சொல்லச் சொன்னார். என் முறை வந்தது. வாக்கியம் தெரியும். ஆனால் எழுந்ததும், இப்படிச் சொன்னால் சிரிப்பார்களோ, அப்படிச் சொன்னால் தப்போ என்று யோசித்து யோசித்து நாக்கு ஒட்டிக்கொண்டது. கண் இருட்டி, பெஞ்சு விளிம்பில் மோதி விழுந்தேன். ஆயாம்மா தண்ணீர் தெளித்தார். டீச்சர் தன் ஓமத்தில் கொஞ்சம் எடுத்து என் வாயில் போட்டார்.

"உன்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீ பீச்சாங்கைப் பக்கம் இரு. நிம்மதியா இரு."

உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பத்தொன்பது பேர் சோத்தாங்கை, பன்னிரண்டு பேர் பீச்சாங்கை. நீங்கள் சிலர் எங்களை "ஏ பீச்சாங்கை, தள்ளி உக்காரு" என்று கூப்பிட்டது கூட அவ்வளவாக வலிக்கவில்லை. கேள்வி வராது என்பதே போதும்.

எனக்குக் கையெழுத்து நன்றாக இருந்ததால் சார்ட் எழுதும் வேலையை டீச்சர் என்னிடம் கொடுத்தார். "சாமான் வாங்கிக்கம்மா, இன்ஸ்பெக்‌ஷன் முடியவும் காசு தாரேன்," என்றார். மண்ணெண்ணெய்க்கு வைத்திருந்த காசிலிருந்து அம்மா கொடுத்தார். சார்ட் அட்டை இரண்டு, ஒன்று முப்பத்தஞ்சு காசு. சிவப்பு மசிப் புட்டி நாற்பது காசு. பட்டை நிப்பு ஒன்று பத்து காசு.

அப்பா வேலை பார்த்த மில் அப்போது மூடிக் கிடந்தது. காலையில் சட்டை போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருவார். அம்மா இரண்டு வீடுகளில் மாவு அரைத்துக் கொடுக்கப் போனார். சனி, ஞாயிறு மத்தியானங்களில் நான் தரையில் சார்ட்டை விரித்துக்கொண்டு குப்புறப் படுத்து எழுதினேன். புது அட்டையின் வாசனை, மசியின் புளித்த வாசனை, வெயிலில் காயும் தகரக் கூரையின் வாசனை. நடுவில் சிவப்பில் பெரிதாக வினைச்சொல். அதைச் சுற்றிக் கருப்பில் சின்ன வார்த்தைகள். ஒரு அட்டைக்கு எட்டு வட்டம்.

எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் அது நடந்தது. அம்மா வெளியே கிளம்பிக்கொண்டே பேசுவார், நான் காது கொடுக்காமல் காது கொடுத்துக்கொண்டிருப்பேன்.

"தம்பியப் பாத்துக்க. பால் வந்துச்சுன்னா எம்புட்டுன்னு பாத்து வாங்கு. தாவணியக் காயப் போட்டிருக்கேன். அவன் சட்டையக் கழட்டிப் போட்டான்னா எடுத்துப் போட்டு விடு. குப்பையப் போட்டுட்டு வா. ஏ, கேக்குதா?"

கேட்டது. பார் என்பது ஒன்றுதான். பாத்துக்க, பாத்து வாங்கு, பாத்துட்டு வா. போடு ஒன்றுதான். போட்டுக்க, போட்டு விடு, போட்டுட்டு வா. நம் வீட்டில் வினைச்சொல்லுக்குப் பின்னால் வால் ஒட்டிக்கொண்டு வருகிறது. அவர்கள் வீட்டில் அதே வால் தனியாகக் கழன்று, சின்ன வார்த்தையாகப் பின்னால் நடந்து வருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். நாம் மேசை மேல என்று மேசையை முன்னால் விட்டு மேலைப் பின்னால் விடுகிறோம். அவர்கள் ஆன் தி டேபிள் என்று அதை மாற்றி விடுகிறார்கள். மெதுவா, சட்டுனு என்பதெல்லாம் நமக்கு வினைக்கு முன்னால், அவர்கள் பல சமயம் அதைக் கடைசியில் கொண்டுபோய் வைக்கிறார்கள். வாசலை வீட்டின் பின்பக்கம் வைத்துக் கட்டியது மாதிரி. உள்ளே இருக்கிற ஆட்கள் ஒன்றுதான்.

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சரியா தப்பா என்று கேட்கவும் ஆள் இல்லை. அந்த வாரம் முழுக்க அம்மா என்ன சொன்னாலும் மனசுக்குள் இங்கிலீஷாக மாற்றிக்கொண்டே இருந்தேன். பக்கத்து இடத்துக்காரியிடம் மட்டும் சொன்னேன். அவள் சோதித்துப் பார்த்தாள். ரிப்பனை அவிழ்த்தாள். "இது?" டேக் ஆஃப். விழுந்த பென்சிலைக் குனிந்து எடுத்தாள். "இது?" பிக் அப். சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "இது?" ரன் அவே வித் மை டிபன். அவள் சிரித்த சிரிப்பில் வளையலெல்லாம் குலுங்கியது.

"யா அல்லா! ஏடி, நீ சோத்தாங்கைடி! டீச்சர்ட்டப் போய்ச் சொல்லு."

அவள் இப்போது இல்லை. உங்களுக்குத் தெரியும். நான் சொல்வதற்கு வேறு சாட்சியும் இல்லை.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு நாலு நாள் இருக்கும்போது பெரிய டீச்சர் என் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்பா எட்டாவதோடு என்னை நிறுத்தப் போவதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். டி. கல்லுப்பட்டிப் பக்கம் பெண் பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி. நம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பிள்ளைக்கு இடம் தருவார்கள். சாப்பாடு, துணி, படிப்பு எல்லாம் இலவசம். பேரை இன்ஸ்பெக்டர் எழுத வேண்டும், வகுப்பில் நன்றாகப் பதில் சொல்கிற பிள்ளையாகப் பார்த்து எழுதுவார்.

"கையத் தூக்கி ஒரே ஒரு பதில் சொல்லட்டும். மிச்சத்த நான் பேசிக்கிறேன்," என்றாராம் பெரிய டீச்சர்.

அம்மா என்னிடம் வந்து சொன்னபோது முகத்தில் மாவு ஒட்டியிருந்தது. "ஒண்ணே ஒண்ணுதேன் ஆத்தா. சொல்லிருவேல்ல?"

சொல்லிருவேன் என்றேன். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நான் பீச்சாங்கைப் பக்கம் என்று அம்மாவிடம் சொன்னால் அம்மா நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்து நிற்பார். பெரிய டீச்சருக்கு இந்தக் கை ஏற்பாடே தெரியாது. அவரிடம் சொன்னால் டீச்சர் மாட்டிக்கொள்வார். டீச்சரிடம்தான் சொல்லணும். இரண்டு தடவை டீச்சர் அறை வாசல் வரைக்கும் போனேன்.

"என்னம்மா, சார்ட் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு டீச்சர்."

அவ்வளவுதான் வாயில் வந்தது. இரண்டு தடவையும்.

அந்த நாள். ஜன்னலெல்லாம் துடைத்திருந்தார்கள். என் இரண்டு சார்ட்டும் கரும்பலகைக்கு இரண்டு பக்கமும் தொங்கின. இன்ஸ்பெக்டருக்குச் சளி, அடிக்கடி கைக்குட்டையை எடுத்துக்கொண்டிருந்தார். முதலில் டீச்சர் கேள்வி கேட்டார். முப்பத்தோரு கை சர்ரென்று மேலே போனது. டீச்சர் சோத்தாங்கைகளாகப் பார்த்துக் கூப்பிட, ஒவ்வொருத்தியும் தன் வாக்கியத்தை மணி அடித்த மாதிரி சொன்னாள். பெரிய டீச்சர் முகம் மலர்ந்தது. இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். "சார்ட் யார் எழுதினது? அழகா இருக்கே," என்றார். "பிள்ளைங்கதேன் சார்," என்றார் டீச்சர்.

அப்புறம் இன்ஸ்பெக்டர் எழுந்து சார்ட் இரண்டையும் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். நம் பக்கம் திரும்பி, சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக மாட்டிக்கொண்டார்.

"இப்ப நான் என்ன செஞ்சேன்? இங்கிலீஷ்ல சொல்லுங்க."

பழக்கிய பழக்கத்தில் எல்லாக் கையும் மேலே போய்விட்டது. அவர் முதல் பெஞ்சைக் காட்டினார். பூக்கடைக்காரர் மகள் எழுந்து, "லுக் ஆஃப்டர் யுவர் லிட்டில் பிரதர்," என்றாள். பியூன் சிரித்துவிட்டார். அடுத்தவள் எழுந்து நின்று சார்ட்டின் முதுகையே பார்த்தாள். அதற்கப்புறம் கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. சோத்தாங்கை, பீச்சாங்கை எல்லாம். டீச்சர் புடவைத் தலைப்பைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஒருத்திக்கும் தெரியாதா? கை மட்டும் தூக்குறீங்க?"

எனக்குத் தெரிந்தது. சார் கண்ணாடியை மெதுவா மாட்டிக்கிட்டாரு. ஹீ புட் ஆன் ஹிஸ் கிளாசஸ் ஸ்லோலி. வாக்கியம் முழுசாக, வாலோடு, நெஞ்சுக்குள் வந்து நின்றது. பக்கத்து இடத்துக்காரி தொடையில் கிள்ளினாள். அதே நேரம் இன்ஸ்பெக்டருக்குத் தும்மல் வந்து கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பெரிய டீச்சர் வாசல் பக்கம் திரும்பி, காபியை ஊற்றச் சொல்லி ஆயாம்மாவுக்குச் சைகை காட்டினார். நான் வலது கையைத் தூக்கினேன்.

அந்த வகுப்பில் அந்த நேரத்தில் மேலே இருந்த ஒரே கை. பார்த்தது டீச்சர் மட்டும்தான்.

அவர் பதறிவிட்டார். இந்தப் பயந்த பிள்ளை கை மாறித் தூக்கிவிட்டது, கேட்டால் இங்கேயே விழுந்துவிடும் என்று நினைத்திருப்பார். இல்லை, இல்லை என்று கண்ணை அகலமாக்கித் தலையை ஆட்டினார். தன் இடது கை விரல்களை இடுப்புப் பக்கமாக அசைத்துக் காட்டினார். காப்பாற்றுகிற முகம் அது. அதைப் பார்த்துவிட்டு மீற எனக்குத் தைரியம் வரவில்லை. வலது கையை இறக்கிவிட்டு இடது கையைத் தூக்கினேன்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். பெரிய டீச்சரும் திரும்பினார். என் கையைப் பார்த்து அவர் கண் பளிச்சென்று ஆனது.

"ம், நீ..." என்று ஆரம்பித்தார் இன்ஸ்பெக்டர்.

நான் முழுசாக எழுவதற்குள் டீச்சர் குறுக்கே வந்தார். "அது வேணாம் சார், ரொம்பப் பயந்த பொண்ணு, மயக்கம் போட்டு விழுந்துரும். பேசாது."

"சரி சரி. உக்காரும்மா."

அப்போதுதான் லீடர் எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை. "தி மேட்ச் வாஸ் புட் ஆஃப் பிகாஸ் ஆஃப் ரெயின்!" என்று அறையே அதிரச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "பதில் தப்பு. ஆனா வாய் இருக்கு. பேர் என்ன?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

லீடர், இதை நீ படிக்கும்போது மனசு கஷ்டப்படாதே. உன் வீட்டிலும் அப்போது அடுப்பு எரியாத நாள் இருந்தது என்று எனக்குப் பின்னால்தான் தெரியும். அந்த இடம் உன்னிடம் வீணாகவில்லை.

சாயங்காலம் அம்மா பள்ளிக்கூட வாசலிலேயே நின்றிருந்தார். பெரிய டீச்சர் அவராகவே வந்து சொன்னார்: "உம்மக மேல குத்தமில்லம்மா. கையத் தூக்குனா, நானே பாத்தேன். அவ நேரம், சார் கேக்கல." அம்மா என் தலையைத் தடவினார். வீட்டில் அப்பா, "கேட்டாங்களா?" என்றார். "கேக்கலப்பா," என்றேன். பெரிய டீச்சர் சொன்னது, நான் சொன்னது, இரண்டுமே பொய் இல்லை என்பதுதான் இத்தனை வருஷமாக என்னைப் போட்டு அரிக்கிறது.

பரீட்சை முடிந்ததும் ஒரு அச்சாபீசில் தாள் மடிக்கப் போனேன். கல்யாணம் ஆகிறவரைக்கும் அங்கேதான். இங்கிலீஷ் வழிகாட்டி கூட மடித்திருக்கிறேன். மடிக்கும்போது ஒரு வரி கண்ணில் படும், அடுத்த வரி உள்பக்கம் போய்விடும்.

பல வருஷம் கழித்து டீச்சரைப் பெரியார் பஸ் நிலையத்தில் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். தோளைப் பிடித்துக்கொண்டு, கூட நின்ற மகளிடம் சொன்னார்: "எம்புட்டு அழகா எழுதும் தெரியுமா இந்தப் பொண்ணு? பாவம், இங்கிலீஷ் மட்டும்தேன் வரல. நான்தேன் அன்னைக்கு இவளைக் காப்பாத்தி விட்டேன்."

"ஆமா டீச்சர்," என்றேன். வேறு என்ன சொல்ல? அந்த வெயிலில், இரண்டு கையிலும் பையோடு.

டீச்சரைத் தப்பாக எழுதிவிட்டேனா என்று பயமாக இருக்கிறது. வேலை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு, எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். ஒரு பயந்தவர் இன்னொரு பயந்தவளைப் பார்த்து, இவளுக்கு என்ன வேண்டும் என்று தன்னை வைத்தே முடிவு பண்ணிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. இதை மலரில் போடலாமா வேண்டாமா என்று நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள். போட்டால் நடுப்பக்கத்தில் போடாதீர்கள். டீச்சருக்கு இப்போது கண் சரியில்லையாம், மகள்தான் வாசித்துக் காட்டுகிறாராம். இந்தப் பக்கத்தை மகள் தாண்டிவிட்டால் நல்லது. வாசித்துவிட்டாலும், என்ன செய்ய.

சார்ட் இரண்டும் அந்தக் கோடை விடுமுறையில் கரையான் அரித்துப் போனதாக ஆயாம்மா சொன்னார். அம்மா கொஞ்ச நாள், "டீச்சர்ட்டக் காசு கேட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார். நானும் கேட்கவில்லை.

விழாவுக்கு என் பங்கு ஐந்நூறு ரூபாயைப் போன வாரமே லீடருக்கு அனுப்பிவிட்டேன், வந்ததா என்று ஒரு தடவை பார்த்துச் சொல்லட்டும். நான் தரவேண்டியது ஒன்றுமில்லை. எனக்கு வரவேண்டியதுதான் பாக்கி. அட்டை எழுபது காசு, மசி நாற்பது, நிப்பு பத்து. ஒரு ரூபாய் இருபது காசு.